வீடு வரை வந்தால் போதும்

பட்டறையில் செய்யும் ரிப்பேர் வேறு, காட்டில் செய்யும் ரிப்பேர் வேறு. பட்டறையில் வண்டி பழையபடி ஆக வேண்டும். காட்டில் அது தார்ச்சாலை வரை உருண்டு வந்தால் போதும். ஒட்டுப் போட்டதா, கட்டுப் போட்டதா, கம்பி சுற்றியதா என்று யாரும் கேட்கப் போவதில்லை. உள்ளே போன அத்தனை பேரும் இருட்டுவதற்குள் வெளியே வந்தார்களா என்பது ஒன்றுதான் கேள்வி.

பள்ளி விடுமுறைக்கு எங்கே போகிறீர்கள் என்று வானொலியில் நேயர்களிடம் கேட்டால், முன்பெல்லாம் போர்ட்டிக்சன், பினாங்கு, கேமரன் மலை என்று பதில் வரும். இப்போது "ஆத்தோரம் கூடாரம் போடப் போறோம்", "பாலாக் பாதை வழியா ஓர் அருவி இருக்கு" என்கிறார்கள். ஹைலக்ஸ், டிரைட்டன், டி-மேக்ஸ், ரேஞ்சர், ஜிம்னி எல்லாம் நம் குடும்பங்களுக்குள் வந்துவிட்டன. வார நாளில் வேலைக்கும் மளிகைக்கும் ஓடுகிற அதே வண்டி, சனிக்கிழமை காட்டுக்குள் இறங்குகிறது. மகிழ்ச்சிதான். ஆனால் விளம்பரத்தில் ஆற்றைக் கடக்கிற வண்டியைத்தான் காட்டுவார்கள். நடு ஆற்றில் நிற்கிற வண்டியைக் காட்ட மாட்டார்கள்.

நம் நாட்டுக் காட்டுப் பாதைக்கு ஒரு குணம் உண்டு. காலையில் காய்ந்த செம்மண், மாலை மழைக்குப் பின் சவுக்காரம். அந்தக் களிமண் சக்கரத்தைப் பிடிக்கும், ரேடியேட்டரை அடைக்கும், பிரேக்கைத் தேய்க்கும். 1997இல் தொடங்கிய ரெயின்ஃபாரஸ்ட் சேலஞ்ச் போட்டியை ஆண்டுக் கடைசியில், பருவமழை கொட்டும் நேரத்தில் வைப்பதே இந்தச் சேற்றுக்காகத்தான். அங்கே போட்டியாளர்கள் உதிரிப் பாகங்களோடும் வெல்டிங் சாமான்களோடும் போகிறார்கள். நாமோ கோழிக்கறியும் ஐஸ் பெட்டியும் மட்டும் ஏற்றிக்கொண்டு போகிறோம்.

ஈப்போவில் எனக்குத் தெரிந்த பட்டறைக்கார அண்ணன் ஒருவர் சொல்வார்: "தம்பி, காட்டுல வண்டி நின்னா மொதல்ல எஞ்சினை நிறுத்து. அப்புறம் வாயை நிறுத்து." பத்துப் பேர் பத்து யோசனை சொல்லிக்கொண்டிருக்கும்போதுதான் சின்னப் பழுது பெரிய செலவாகிறது. இறங்கி, பார்த்து, முகர்ந்து, கேட்டு, அதன் பிறகு கை வைக்க வேண்டும். அடிக்கடி வரும் பழுதுகளை அந்த வரிசையிலேயே பார்ப்போம்.

டயர்

சேற்றில் பிடிப்பு கிடைக்கக் காற்றைக் குறைப்பார்கள். சாலையில் 30 பிஎஸ்ஐக்கு மேல் இருப்பதை 18, 20 வரை இறக்கினால் டயர் அகன்று தரையைப் பிடிக்கும். இதில் ஒரு விலை உண்டு. காற்று குறைந்த டயர், பக்கவாட்டில் ஒரு வேரிலோ கல்லிலோ இடித்தால், ரிம்மை விட்டு விளிம்பு கழன்றுவிடும். டயரில் ஓட்டை இருக்காது, ஆனாலும் காற்று மொத்தமும் போயிருக்கும்.

இதைக் காட்டிலேயே சரிசெய்யலாம். சக்கரத்தை ஜாக்கியில் தூக்கி, ரிம்முக்கும் டயருக்கும் இடையில் இருக்கும் மண்ணைத் துளி விடாமல் துடையுங்கள். விளிம்பில் சவுக்காரத் தண்ணீர் தடவுங்கள். சரக்கு கட்டும் ராட்செட் வாரை டயரின் நடுப்பகுதியைச் சுற்றிக் கட்டி இறுக்கினால், இரண்டு பக்க விளிம்புகளும் ரிம்மை நோக்கி விரியும். வால்வின் உள்ஊசியைக் கழற்றிவிட்டு, 12 வோல்ட் கம்ப்ரசரால் காற்றடியுங்கள். காற்று தடையில்லாமல் உள்ளே பாயும். விளிம்பு பிடிக்கத் தொடங்கியதும் வாரைத் தளர்த்துங்கள். 'டப்' என்று சத்தம் கேட்டால் உட்கார்ந்துவிட்டது. இணையத்தில் எரிவாயு தெளித்துத் தீ வைத்து டயரை உட்கார வைக்கும் காணொளிகள் உலவுகின்றன. பிள்ளைகளோடு போகிறவர்கள் அதை நினைத்தும் பார்க்க வேண்டாம்.

ஆணி குத்தியிருந்தால், பிளக் சாமான்களைக் கையில் வைத்துக்கொண்ட பிறகே ஆணியைப் பிடுங்குங்கள். டயரின் தரைப் பகுதியில் போடும் ரப்பர் திரி நன்றாகப் பிடிக்கும். பக்கவாட்டுச் சுவர் கிழிந்தால் இரண்டு மூன்று திரிகளைச் செருகி நடை வேகத்தில் வெளியே வரலாம். ஆனால் அந்த டயரின் ஆயுள் அத்தோடு முடிந்தது. தார்ச்சாலை ஏறியதும் எல்லாச் சக்கரத்திலும் காற்றைப் பழைய அளவுக்கு ஏற்ற வேண்டும். 18 பிஎஸ்ஐயோடு நெடுஞ்சாலையில் ஓடினால் டயர் சூடேறிக் கிழியும். காட்டில் தப்பித்து வந்தவர்கள் நெடுஞ்சாலையில் மாட்டிக்கொள்வது இப்படித்தான்.

சூடு

லோ ரேஞ்சில், குறைந்த வேகத்தில், எஞ்சின் உறுமிக்கொண்டு மேடேறும்போது ரேடியேட்டருக்குக் காற்று போதாது. அதன் மேல் சேறும் அப்பிவிட்டால் வெப்பம் காட்டும் ஊசி மேலே ஏறும். ஊசி நடுவைத் தாண்டும்போதே ஏர்கோனை அடைத்துவிட்டு நிறுத்துங்கள். வெளிநாட்டுப் புத்தகங்கள் ஹீட்டரைப் போடச் சொல்லும். நம் ஊருக்கு வரும் பல வண்டிகளில் ஹீட்டரே கிடையாது.

ரேடியேட்டர் மூடியை உடனே திறக்கக் கூடாது. காரணத்தையும் தெரிந்துகொண்டால் மறக்காது. பல வண்டிகளின் மூடியில் 1.1 என்று எழுதியிருக்கும். அது 1.1 பார் அழுத்தம். அந்த அழுத்தத்தில் தண்ணீர் சுமார் 120 பாகை செல்சியஸ் வரை கொதிக்காமல் அடங்கி இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் போய், உள்ளே இருக்கும் நீர் ஒரேயடியாக ஆவியாகி முகத்தில் அடிக்கும். குறைந்தது அரை மணி நேரம், முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருங்கள். பிறகு தடித்த துணியைப் போட்டு மெதுவாகத் திறந்து, தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த ஆற்று நீரைக் கொட்டினால் எஞ்சின் தலைப்பகுதி விரிசல் விடக்கூடும்.

இன்னொன்று. தண்ணீர் முழுக்க வெளியேறிவிட்டால் ஊசி கீழே இறங்கிக் காட்டலாம். உணர்கருவி நீரில் இல்லாமல் காற்றில் நிற்பதால் வரும் பொய்க் கணக்கு அது. ஊசி இறங்கிவிட்டது என்று நம்பி ஓட்டினால் எஞ்சின் போய்விடும். ஊசி திடீரென்று இறங்கினால் இறங்கிப் பாருங்கள்.

ரேடியேட்டர் அடைத்திருந்தால் எஞ்சின் பக்கமிருந்து முன்பக்கமாக, மெதுவாகத் தண்ணீர் விட்டுச் சேற்றைத் தள்ளுங்கள். முன்னாலிருந்து அடித்தால் சேறு இன்னும் உள்ளே போகும். ரப்பர் குழாய் வெடித்திருந்தால், அந்த இடத்தைத் துடைத்துக் காய வைத்து, தன்னோடு தானே ஒட்டிக்கொள்ளும் சிலிக்கோன் டேப்பை நன்றாக இழுத்து, ஒரு சுற்றின் மேல் மறு சுற்று பாதி ஏறும்படி சுற்றுங்கள். இரண்டு முனையிலும் கிளிப் போடுங்கள். பழைய வகை மூடியாக இருந்தால் ஒரு படி தளர்த்தி வைத்தால் அழுத்தம் குறையும், ஒட்டும் தாங்கும். பிறகு மெதுவாக ஓட்டி, அடிக்கடி நிறுத்தி நீர் ஊற்றிக்கொண்டே வர வேண்டும். ரேடியேட்டர் ஒழுக்குக்கு மஞ்சள் தூளும் முட்டை வெள்ளைக்கருவும் போடும் கைவைத்தியம் நம் பெரியவர்களுக்குத் தெரியும். வேறு வழியே இல்லாதபோது உதவலாம். ஆனால் இன்றைய ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களை அதுவே அடைத்துவிடும் என்பதையும் சேர்த்து நினைவில் வையுங்கள்.

தண்ணீர்

காட்டுப் பயணத்தில் ஒரே நொடியில் ஆயிரக்கணக்கான வெள்ளியை விழுங்கும் இடம் ஆறு. எஞ்சினுக்குள் காற்றை அழுத்தலாம், தண்ணீரை அழுத்த முடியாது. காற்று இழுக்கும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போனால், மேலே வரும் பிஸ்டன் சுவரில் மோதியது போல நிற்கும். அதைத் தாங்கும் கோல் வளைந்துவிடும். டீசல் எஞ்சினின் அழுத்தம் அதிகம் என்பதால் அடியும் பலமாக இருக்கும்.

ஆகவே ஆற்றில் எஞ்சின் நின்றுவிட்டால் சாவியைத் திருப்பவே கூடாது. எல்லாருக்கும் கை அங்கேதான் போகும். வண்டியை வெளியே இழுங்கள். காற்று வடிகட்டியைத் திறந்து பாருங்கள். அது காய்ந்திருந்தால் பெரும்பாலும் பிழைத்தீர்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் வண்டியில் ஸ்பார்க் பிளக்குகளையும், டீசலில் குளோ பிளக்குகளையும் கழற்றிவிட்டு எஞ்சினைச் சுழற்றினால் உள்ளே போன நீர் பீய்ச்சி வெளியேறும். இதைச் செய்யத் தெரிந்தவர் இல்லையென்றால் கட்டி இழுத்துக்கொண்டு வருவதே நல்லது. எண்ணெய்க் கோலையும் உருவிப் பாருங்கள். எண்ணெய் தே தாரிக் நிறத்தில் இருந்தால் நீர் கலந்துவிட்டது, எஞ்சினை எழுப்பக் கூடாது.

அதே தே தாரிக் சோதனை பின் அச்சுக்கும் உண்டு. ஓடிச் சூடான டிஃபரென்ஷியல் குளிர்ந்த ஆற்றில் இறங்கியதும் உள்ளே இருக்கும் காற்று சுருங்கும். சுருங்கிய இடத்தை நிரப்ப, சீல் வழியே நீரை உறிஞ்சும். மூச்சுக் குழாயை மேலே நீட்டி வைப்பது இதற்காகத்தான். வீட்டுக்கு வந்த வாரத்திலேயே அந்த எண்ணெயைப் பார்த்துவிடுங்கள். மாதக்கணக்கில் விட்டால் பல்சக்கரம் துருப்பிடித்து, சம்பந்தமே இல்லாத ஒரு நாளில் உடையும்.

ஆற்றில் இறங்குமுன் நடந்து பாருங்கள். நடந்து கடக்க முடியாத ஆற்றை ஓட்டிக் கடக்க முயல வேண்டாம். பல பிக்கப்களுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் ஆழ வரம்பு 700, 800 மில்லிமீட்டர்தான். அதுவும் அமைதியான நீருக்கு. சரவாக், சபா ஆறுகளில் முதலை இருப்பதால் அங்கே உள்ளூர்க்காரரிடம் கேட்காமல் காலே வைக்காதீர்கள். தீபகற்பத்து மலை ஆறுகளில் இன்னோர் ஆபத்து, மலாயில் 'கெப்பாலா ஆயர்' என்பார்கள். நீங்கள் நிற்கும் இடத்தில் வெயில் அடிக்கும். மேலே மலையில் பெய்த மழை சுவர் போலத் திரண்டு வரும். தெளிந்த நீர் கலங்கினாலோ, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வந்தாலோ, இரைச்சல் கூடினாலோ, சாமான்களை விட்டுவிட்டுப் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு மேட்டுக்கு ஓட வேண்டியதுதான். மணல் திட்டில் கூடாரம் போடாதீர்கள்.

டீசலும் மின்சாரமும்

வண்டி ஓடும், ஆனால் இழுவை இல்லை, பின்னால் கரும்புகை. டர்போவிலிருந்து இன்டர்கூலர் வழியாக எஞ்சினுக்குப் போகும் குழாய் ஏதாவது ஒன்று கழன்றிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். குலுக்கலில் கிளிப் தளர்ந்து கழல்வது சகஜம். ஒரு திருப்புளி போதும்.

வண்டி விக்கி விக்கி நின்றால் டீசலில் தண்ணீர் கலந்திருக்கலாம். வடிகட்டியின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தி நீரை வடித்து, மேலே உள்ள கைப்பம்பைக் கெட்டியாகும் வரை அமுக்கினால் பெரும்பாலும் எழுந்துவிடும். பழைய டீசல் வண்டிகளில் இன்ஜெக்டர் குழாயைத் தளர்த்திக் காற்றை வெளியேற்றும் வழக்கம் உண்டு. இன்றைய காமன் ரெயில் வண்டிகளில் அதைச் செய்யவே கூடாது. உள்ளே அழுத்தம் 1,500 பாரைத் தாண்டும். ஊசி முனை அளவு பீய்ச்சல்கூட தோலைத் துளைத்து உள்ளே போகும்.

டீசல் தொட்டியில் கல் குத்தி ஒழுகினால், குளிக்கும் சவுக்காரக் கட்டியைக் கசிவின் மேல் அழுத்தித் தேயுங்கள். டீசலில் அது எளிதில் கரையாது. ஓட்டையை அடைத்துக்கொண்டு வெளியே வரும் வரை தாங்கும்.

சாவியைத் திருப்பினால் 'டிக் டிக்' என்ற சத்தம் மட்டும் வந்தால், பேட்டரியைக் குறை சொல்லுமுன் முனைகளைக் கையால் ஆட்டிப் பாருங்கள். குலுக்கலில் தளர்ந்திருக்கும். வின்ச் வைத்திருப்பவர்கள், எஞ்சினை ஓட விட்டே இழுங்கள். முழுப் பாரத்தில் அது 400 ஆம்பியர் வரை குடிக்கும். ஃபியூஸ் எரிந்தால் அலுமினியத் தாளைச் சுற்றிப் போடாதீர்கள். ஃபியூஸ் எரிவது வண்டி எரியாமல் இருப்பதற்காக.

உடைந்த இரும்பு

ஃபோர் வீலில் ஒரு வசதி: சக்தி இரண்டு வழியாகப் போகிறது. ஒரு வழி அடைத்தாலும் மறு வழியில் வரலாம். முன் சக்கரத்துக்குப் போகும் சி.வி. மூட்டு உடைந்தால், திரும்பும்போது கடகடவென்று சத்தம் வரும். முன் சக்கரத்தைப் பிரித்துவிடும் ஹப் இருந்தால் பிரித்துவிட்டு, டூ வீலில் பின் சக்கரத்தை நம்பி வரலாம். பின் சாஃப்டின் மூட்டு உடைந்தால், அந்தச் சாஃப்டையே கழற்றி வண்டிக்குள் போட்டுக்கொண்டு, ஃபோர் வீலில் மாற்றி முன் சக்கரங்களால் இழுத்து வரலாம். எப்போதும் ஃபோர் வீலில் ஓடும் வகையென்றால் நடு டிஃபரென்ஷியலைப் பூட்ட வேண்டும்.

கழற்றுமுன் நான்கு சக்கரத்துக்கும் கல் வையுங்கள். சாஃப்டை எடுத்த கணத்தில் கியர் வண்டியைப் பிடித்து நிறுத்தாது. அடியில் படுத்திருப்பவர் மேல் வண்டி உருளும். வெறும் ஜாக்கியை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது. சேற்றில் ஜாக்கி புதையும் என்பதால் தடித்த பலகைத் துண்டு ஒன்றும் வேண்டும்.

பிரேக் குழாய் அறுந்தால், அறுந்த சக்கரத்துக்குப் போகும் பாதையை மட்டும் பூட்டும் இடுக்கியால் நெரித்து அடைத்து, எண்ணெய் ஊற்றி, மற்ற சக்கரங்களின் பிரேக்கோடு வரலாம். வண்டி ஒரு பக்கம் இழுக்கும். லோ ரேஞ்ச் முதல் கியரில், எஞ்சினே வேகத்தைப் பிடித்துக்கொள்ள, நடை வேகத்தில் இறங்க வேண்டும்.

ஸ்டியரிங் கோல் வளைவதைப் பற்றிப் படித்திருந்தேன். அதை நிமிர்த்துவதை நேரில் பார்த்தது குவா மூசாங் உட்புறத்தில். ஓராங் அஸ்லி கிராமம் ஒன்றுக்குப் பள்ளிப் பொருள்கள் கொண்டுபோன பயணம். முன்னால் போன வண்டி அடிமரம் ஒன்றில் இடித்து, இரண்டு முன் சக்கரங்களும் ஆளுக்கொரு திசை பார்த்து நின்றன. எங்கள் குழுவில் விலையுயர்ந்த வின்ச் இருந்தது, செயற்கைக்கோள் கருவி இருந்தது, ஆளாளுக்கு யோசனை இருந்தது. எதிரே பழைய லேண்ட் குரூசரில் வந்த கிராமத்துப் பாக்சிக் இறங்கி, ஒரு சுற்று வந்து பார்த்தார். கோலைக் கழற்றச் சொன்னார். விழுந்து கிடந்த மரத்தின் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி நிமிர்த்தினார். நிமிர்ந்த இடம் மறுபடி மடியும் என்று, ஜாக்கியின் கைப்பிடியைப் பக்கத்தில் பத்தைபோல் வைத்து, மோட்டார் சைக்கிளின் பழைய டியூபைப் பட்டையாக அறுத்து இறுக்கிச் சுற்றினார். உடைந்த கைக்குக் கட்டுப் போடுவது மாதிரியே இருந்தது. இரண்டு மணி நேரம். "பெலான்-பெலான்" என்றார், மெதுவாகப் போங்கள் என்று. வெல்டிங் வசதியுள்ள பாலாக் முகாம் வரை அந்தக் கட்டு தாங்கியது.

பணம் வாங்கவில்லை. எங்கே கற்றீர்கள் என்று கேட்டதற்கு, மகளைப் பிரசவத்துக்குக் கொண்டுபோன இரவு இதே பாதையில் இதே கோல் வளைந்ததாகச் சொன்னார். அன்றைக்குக் கற்றதாம். நமக்குப் பொழுதுபோக்காக இருக்கும் பாதை அவர்களுக்கு ஆஸ்பத்திரிக்குப் போகும் பாதை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் பாதை, அரிசி வரும் பாதை. 2014 டிசம்பர் வெள்ளத்தில் கிளந்தானின் பல கிராமங்கள் துண்டிக்கப்பட்டபோது, உணவும் மருந்தும் கொண்டுபோனவர்களில் ஃபோர் வீல் குழுக்களும் உண்டு. அன்றைக்குப் பயன்பட்டது, வார இறுதிகளில் சேற்றில் பழகிய கை. மழை பெய்த மறுநாள் பாதையை உழுது பள்ளமாக்கிவிட்டு வந்தால், அடுத்த இரவு ஒரு நோயாளியோடு வருகிறவர் அந்தப் பள்ளத்தில் மாட்டுவார். இதையும் நினைத்துக்கொண்டு ஓட்டுவோம்.

இழுக்கும்போது எட்டி நில்லுங்கள்

பழுதைவிட, மீட்பில்தான் அதிகமாக அடிபடுகிறார்கள். சேற்றில் அச்சு வரை புதைந்த வண்டியை இழுக்க, அதன் எடைக்கு ஈடான விசையோ அதற்கு மேலோ தேவைப்படலாம். ஒரு பிக்கப் 2 டன் என்றால் கயிற்றில் என்ன இழுவிசை இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அதனால் முதல் கருவி மண்வெட்டி. சக்கரத்தின் முன்னால் இருக்கும் சேற்றை வாரிவிட்டாலே பாதி வேலை முடியும்.

வண்டியின் பின்னால் டிரெய்லர் மாட்டும் உருண்டைக் கொக்கியில் மீட்புக் கயிற்றை மாட்டவே கூடாது. அது உடைந்தால் பீரங்கிக் குண்டு. ஆஸ்திரேலியாவில் இதனால் உயிர்கள் போயிருக்கின்றன. மீட்புக்கென்று சட்டத்தில் பொருத்திய கொக்கியில் மட்டுமே மாட்டுங்கள். கயிற்றின் நடுவில் ஈரச் சாக்கோ தடித்த ஜாக்கெட்டோ போட்டால், அறுந்தாலும் கயிறு பறக்காமல் விழும். பார்க்கிறவர்கள் கயிற்றின் நீளத்தைப்போல் ஒன்றரை மடங்கு தூரத்தில், பக்கவாட்டில் நிற்க வேண்டும். கைப்பேசியில் படம் பிடிக்கிறவர்களுக்கும் இது பொருந்தும். மரத்தில் கட்டினால் அகலப் பட்டையைச் சுற்றிக் கட்டுங்கள். வெறும் கம்பி மரத்தை அறுத்துவிடும்.

எப்போது விட்டுவிட வேண்டும்

எல்லாம் செய்தும் வண்டி எழவில்லை என்றால், இருட்டுவதற்கு இரண்டு மணி நேரம் முன்பே முடிவெடுங்கள். இன்னொரு வண்டியில் எல்லாரும் ஏறிக்கொண்டு வந்துவிடலாம். பழுதான வண்டி அங்கேயே இருக்கட்டும், மறுநாள் ஆள் கூட்டி வந்து எடுக்கலாம். இதற்காகத்தான் குறைந்தது இரண்டு வண்டிகளாகப் போகச் சொல்கிறார்கள். தனியாகப் போய் மாட்டினால் வண்டியை விட்டு நடக்காதீர்கள். தேடுகிறவர்களுக்கு மனிதனைவிட வண்டி எளிதில் தென்படும். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாவிட்டாலும் 112ஐ அழுத்திப் பாருங்கள். வேறு நிறுவனத்தின் சிக்னல் அங்கே எட்டினால் அவசர அழைப்பு அதன் வழியாகப் போகக்கூடும். எந்தப் பாதை, எத்தனை பேர், எப்போது திரும்புவோம் என்பதை வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். நிரந்தரக் காட்டு வளப் பகுதிக்குள் நுழைய 1984ஆம் ஆண்டின் தேசிய வனச் சட்டப்படி மாநில வனத்துறையின் அனுமதி வேண்டும். அந்த அனுமதித் தாளில் உங்கள் பெயர் இருப்பது, நீங்கள் உள்ளே இருக்கிறீர்கள் என்பதற்கும் சான்று.

கொண்டுபோக வேண்டியவை ஒரு பைக்குள் அடங்கும்: ஸ்பேனர் செட், பூட்டும் இடுக்கி, டயர் பிளக், கம்ப்ரசர், சிலிக்கோன் டேப், கிளிப்புகள், கேபிள் டை, கம்பி, பழைய டியூப், உதிரி பெல்ட், ஃபியூஸ், ராட்செட் வார், மண்வெட்டி, பலகை, தலையில் மாட்டும் விளக்கு, சவுக்காரக் கட்டி, ஆளுக்கு நாலைந்து லிட்டர் தண்ணீர். வண்டியின் அடியில் சேற்றில் படுக்கும்போது அட்டை ஏறும், அதற்குக் கொஞ்சம் உப்பு.

காட்டில் போட்ட கட்டும் ஒட்டும் திங்கட்கிழமை பட்டறைக்குப் போயாக வேண்டும். "ஓடுதே, அப்புறம் பார்க்கலாம்" என்று விட்ட டேப்பும் திரியும் அடுத்த பயணத்தில், இன்னும் தொலைவான இடத்தில் கழலும்.

இந்த வாரம் ஒரு வேலை செய்யுங்கள். காட்டுக்குப் போக வேண்டாம். வீட்டு வாசலில் உங்கள் வண்டியின் சொந்த ஜாக்கியை எடுத்து, ஒரு சக்கரத்தைக் கழற்றி மாட்டுங்கள். உதிரி டயரில் காற்று இருக்கிறதா, ஜாக்கிக் கைப்பிடி எங்கே ஒளிந்திருக்கிறது, நட்டைக் கழற்ற உங்கள் பலம் போதுமா என்று தெரிந்துவிடும். மனைவியோ கணவரோ, வளர்ந்த பிள்ளைகளோ, அவர்களும் ஆளுக்கொரு முறை செய்யட்டும். ஓட்டுகிறவருக்கே அடிபட்டால் சக்கரம் மாற்றப் போவது அவர்கள்தான்.